விளிப்பிலேயே முடிந்த மூன்று நிமிடம்

காரின் பின்கதவைத் திறந்ததும் சேறு மணந்தது.

மொன்றியல் விமான நிலையத்தின் கார் நிறுத்தம். நவம்பர் கடைசி. மூக்கு நுனி எனக்குச் சொந்தமில்லை என்பதுபோல் மரத்துக் கிடந்தது. அந்த மூக்குக்குள்ளும் புகுந்துவிட்டது அந்த வாசனை. பொதுப்பணித்துறையில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் ஒரு கண்மாய் மதகைப் பார்வையிடப் பொறியாளர் பின்னால் போனேன். கரையில் வழுக்கிக் கோப்போடு விழுந்தேன். என்னைக் கழுவிவிட்டார்கள், கோப்பைக் கழுவ முடியவில்லை. பத்து வருடம் அது பதிவறையில் மணந்தது. விளக்கில்லாத நாளிலும் கையை நீட்டி அதை மட்டும் எடுத்துவிடுவேன். எத்தனையோ ஏரிகள் காகிதமாகி என் மேசையைக் கடந்திருக்கின்றன. சேறாகவே வந்தது அது ஒன்றுதான்.

“ரெஜினாவின்ர சப்பாத்து, கவிஞர். அவவுக்குச் சதுப்புநிலத்தில வேலை. காரையும் சதுப்பாக்கிப்போட்டா” என்றார் சவிரி அண்ணை, இருக்கைக்கடியில் கிடந்த ரப்பர் பூட்ஸைக் காலால் தள்ளியபடி.

இங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்று ஆண்டுவிழாவுக்கு என்னை அழைத்து, தங்குவதற்கு இவர் வீட்டைச் சொல்லியிருந்தது. சவிரிமுத்து மன்னார்க்காரர். வாரநாளில் ரொட்டித் தொழிற்சாலை வேலை, ஞாயிறு காலையில் கோயிலில் வேத வாசகம், மற்ற நேரமெல்லாம் அறிவிப்பாளர். இந்நகரத்தில் எந்தத் தமிழ் மேடையும் அவர் ‘சோதனை, சோதனை’ சொல்லாமல் தொடங்கியதில்லையாம்.

வீடு லாசால் என்ற பகுதியில், நான்காம் மாடியில். இரவுச் சாப்பாடு புட்டும் மீன் சொதியும். ரெஜினா அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ‘கவிஞர்’ என்ற சொல்லைக் கணவர் பக்தியோடு உச்சரிக்க, அக்கா அதையே தெருவில் உப்பு விற்று வருகிறவனைக் கூப்பிடும் தொனியில் சொன்னார். “கவிஞர், சொதியை இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ. புட்டு தொண்டைக்க நிண்டா கவிதை வராது.”

சாப்பாட்டின் நடுவில்தான் வீட்டின் கவலை தெரிந்தது. தீவின் மேற்குக் கோடியில், கர்க்லாண்டையும் தாண்டி ஒரு சதுப்புநிலம், பொதுச்சொத்து. அதன் விளிம்பில் ஒரு மரக்குடில். பனியில் நடக்க வருகிறவர்கள் குளிர்காயவும் பள்ளிப் பிள்ளைகள் பறவை பார்க்கவும் அதைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, கழிப்பறை துடைத்து, வழி சொல்வது ஆறு பனிக்காலமாக அக்காவின் வேலை. வரும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அந்தக் குடிலின் பனிக்காலச் செலவை, அதை நடத்தும் மாநகரப் பூங்காத் துறையே நீக்கிவிட்டது. மாநகரசபையின் குழு ஒன்று திங்கட்கிழமை அந்தத் திட்டத்தை எடுத்துப் பார்க்கப்போகிறது. குழு ஒப்புக்கொண்டால் ஜனவரியில் கதவுக்குப் பூட்டு.

“அதுக்கு முதல் ஹோட்டலில ஒன்பது வருசம் கட்டில் விரிச்சன். திரும்பி அங்க போக இந்தக் கை விடாது” என்று மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

குழுவின் முன் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். ஆனால் துறையில் வேலை செய்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாதென்று மேலிடம் சொல்லிவிட்டது. ஆகவே அக்காவுக்காகப் பேசப்போகிறவர் பொதுமக்களில் ஒருவரான சவிரி அண்ணை.

துறைக்குப் பணமே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். பக்கத்துக் காட்டையும் சேர்த்து வாங்க இந்த வருடம் தாராளமாகவே ஒதுக்கியிருக்கிறார்களாம். நிலம் வாங்குவது ஒரு தலைப்பு, வாங்கிய நிலத்தில் அடுப்பு மூட்டுவது வேறு தலைப்பு. அந்தத் தலைப்பிலிருந்து இந்தத் தலைப்புக்கு ஒரு விறகுக்கட்டைகூடத் தாண்டக் கூடாது.

“ஆனை வாங்கியாச்சு. அங்குசத்துக்குத்தான் வழியில்லை” என்றார் அக்கா.

எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. வீடு என்றால் அலுவலகம். மானியக் கோரிக்கை மாதத்தில் நாங்கள் மனைவி மக்கள் முகம் பார்ப்பதில்லை. கொள்கை விளக்கக் குறிப்புக்கு வழவழப்பான அட்டை போட்டு, அட்டையில் அணைக்கட்டுப் படம் போட்டுச் சட்டப்பேரவைக்கு அனுப்புவோம். உறுப்பினர்கள் தங்கள் தலைவரைக் கொஞ்ச நேரம் புகழ்ந்து, தொகுதிக்கு ஒரு பாலம் கேட்டு உட்காருவார்கள். ‘ஆம் என்போர்’ என்றொரு குரல். துறை முழுவதும் ஒரு மூச்சில் நிறைவேறிவிடும். இதைச் சொன்னபோது சவிரி அண்ணை ரசித்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, இங்கே அப்படி ஒரே மூச்சில்தான் தன் குடில் போகப்போகிறது என்றார்.

வெள்ளிக்கிழமை குடிலைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். அக்கா விடியலிலேயே காரில் போயிருந்தார். பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு கிழவிகள். ஒருத்தி பிரெஞ்சிலும் மற்றவள் ஆங்கிலத்திலும் பேசி ஒருவரையொருவர் பூரணமாகப் புரிந்துகொண்டார்கள். ஆங்கிலக்காரி சொன்னது எனக்குப் பிடிபட்டது: “கட்சியாவது ஒன்றாவது. என் தெருப் பனியை எவன் முதலில் அள்ளுகிறானோ அவனுக்கே என் ஓட்டு.” எங்கள் ஊர்த் தண்ணீர் லாரி அரசியலின் வெள்ளை நிறப் பதிப்பு.

இறங்கும் இடம் தெரிந்ததும் எழுந்து வாசலருகே கம்பீரமாக நின்றேன். பஸ் நிற்கவில்லை. அடுத்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதுவார் என்று என் உடம்பு காத்துக்கொண்டிருந்ததை நான் அறியவில்லை. ஜன்னலோரம் தொங்கும் கயிற்றை இழுத்தால்தான் நிற்குமாம். மூன்று நிறுத்தம் தள்ளி, பிரெஞ்சுக் கிழவி கைத்தடியால் அந்தக் கயிற்றைக் கொக்கிபோட்டு இழுத்துத் தந்தாள். நன்றி என்று சொல்வதாக நினைத்து ‘பொன்ஜூர்’ என்று காலை வணக்கம் சொல்லிவிட்டேன். அவள் மறுபடியும் அன்றைய நாளைத் தொடங்கவேண்டி வந்தது.

பனியில் திரும்பி நடந்தேன். பனிமேல் நடப்பது சர்க்கரைமேல் நடப்பது போலிருக்கும் என்று எங்கோ எழுதியிருக்கிறேன். பொய். ரவைமேல் நடப்பது போலிருந்தது.

சதுப்பு உறைந்து கிடந்தது. சம்பங்கோரைகள் தலையில் பனியோடு, எதையோ சொல்லவந்து மறந்தவை போல் நின்றன. அந்த உறைவுக்குள்ளே, இலைச் சருகுக்கடியில், கட்டைவிரல் நகமளவு தவளைகள் இதயத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுத் தூங்குகின்றனவாம். வசந்தத்தில் அவை பாடும். லூசி என்றொரு பெண் இருட்டில் கரையில் நின்று காதால் கேட்டே அவற்றை எண்ணி எழுதுவாளாம். காதால் எண்ணுவது! என் இருபத்தைந்து வருட அரசாங்க சேவையில் நான் கேட்ட மிக அழகான பணி விவரம் அதுதான்.

குடிலுக்குள் விறகடுப்பு முனகிக்கொண்டிருந்தது. அக்கா என் உள்ளங்கையில் நாலு சூரியகாந்தி விதை வைத்து வெளியே நிற்கச் சொன்னார். கறுப்புத் தொப்பி போட்ட ஒரு குருவி வந்து விரல்மேல் உட்கார்ந்தது. அதன் எடை, ஒரு சொல்லின் எடை. விதைகளைப் பரிசோதித்து, மூன்றை நிராகரித்து, ஒன்றை எடுத்துப் போயிற்று. தணிக்கைத் துறையிலிருந்து வந்திருக்கும்.

பாதையில் பனி தள்ளும் கீ என்ற மனிதர் குட்டி டிராக்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அக்கா அவருக்கு இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தார். இருவரும் பிரெஞ்சில் ஏதோ பேசிச் சோர்வாகச் சிரித்தார்கள். அவருக்கும் ஜனவரியோடு இங்கே வேலையில்லை. ஆள் வராத பாதைக்குப் பனி எதற்குத் தள்ளவேண்டும்?

திரும்பும் வழியில், தொழிற்சாலை விட்டு வந்து பஸ் நிறுத்தத்தில் என்னோடு சேர்ந்துகொண்ட சவிரி அண்ணை பூத்தீன் வாங்கித் தந்தார். பொரித்த உருளைக்கிழங்கின்மேல் யாரோ கைதவறிக் குழம்பைக் கொட்டி, அதை மறைக்கப் பாலாடைக்கட்டி தூவி, கடைசிவரை உண்மையை ஒப்புக்கொள்ளாத பண்டம். மூன்றாவது வாயில் நானும் உண்மையை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை விழா. என் பேச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சவிரி அண்ணையின் நன்றியுரையைப் பற்றித்தான் சொல்லவேண்டும். தலைவரில் தொடங்கி, ஒலிபெருக்கி கொண்டுவந்தவர், கதிரை அடுக்கியவர், ரோல்ஸ் பொரித்தவர் என்று இறங்கி, தேத்தண்ணிக் கேத்தல் கழுவிய சகோதரி வரை வந்து நின்றது. கூட்டத்தில் பாதி கோட்டு மாட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டது. காரில் நான் கேலி செய்தேன். அவர் வருத்தப்படவில்லை. “எங்கட மாதா திருநாளில பந்தல் கட்டினவனைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வருசம் பந்தல் இல்லை, கவிஞர்” என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து மதியம் ஒத்திகை. கோழிக்கறிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார, அண்ணை பிரெஞ்சில் வாசித்தார். குடில் எதற்கு, யார் வருகிறார்கள், மூடினால் என்ன ஆகும், தயவுசெய்து திட்டத்தில் அந்தச் செலவு வரியை விட்டுவையுங்கள். இரண்டரை நிமிடம். அக்கா திருப்தியாகத் தலையாட்டினார். பொருளைத் தமிழில் சொன்னார்கள். கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற மாதிரி எனக்கு மொட்டையாகப் பட்டது.

அக்கா சமையலறைக்குள் போன நேரம் பார்த்து அண்ணையிடம் சொன்னேன். விளிப்பு இல்லையே. அவையை அழைக்காமல் கேட்பது அதட்டுவதுபோல் ஆகிவிடாதா? அவர் கண்கள் மின்னின. அவருக்கும் அதே உறுத்தல்தான். மனைவிக்குப் பயந்து சொல்லவில்லை. இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். மாண்புக்குரிய தலைவி அவர்களே, உபதலைவர் அவர்களே, நகரத்தின் பசுமையைத் தோளில் தாங்கும் உறுப்பினர்களே, துறையின் இயக்குநர் அவர்களே என்று நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் பிரெஞ்சாக்கினார். தோளில் பசுமை பிரெஞ்சில் தாங்காது என்றார். முதுகுக்கு மாற்றினோம். நாலைந்து வரிதானே, அரை நிமிடம் மிச்சமிருக்கிறதே என்று கணக்குப் போட்டது நான். அந்தப் பாவம் என்னுடையது.

திங்கட்கிழமை மெற்றோவில் போனோம். ரப்பர்ச் சக்கரத்தில் ஓடும் ரயில். செருப்பில்லாமல் நடக்கும் யானைபோல் அவ்வளவு மெத்தென்று. கூட்ட மண்டபத்தில் ஆச்சரியம்: போலீஸ் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. மூலையில் காப்பிப் பாத்திரம், தாமே ஊற்றிக்கொள்ள வேண்டியது. வாசலில் பெயர் எழுதிக்கொண்டு வரிசை எண் தருகிறார்கள். அங்கே லாட வடிவ மேசையில் ஏழு உறுப்பினர்கள். நடுவில் தலைவி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட நரைத்த பெண்மணி. அவர் பக்கத்தில் எழுத்தரின் மேசைமேல் முட்டை அவிக்கிற மணிக்கூடு ஒன்று. ஜனநாயகத்துக்கு அது போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

துறையின் இயக்குநர் படம் போட்டு விளக்கினார். வாங்கப்போகும் காடு திரை முழுக்கப் பசேலென்று வந்தது. பனிக்காலச் செலவு, ‘பருவகாலப் பணிகள்’ என்ற ஒற்றை வரியாக வந்து, குறைப்பு என்ற கட்டத்துக்குள் அடங்கிப் போயிற்று. கண் சிமிட்டியிருந்தால் தவறவிட்டிருப்பேன்.

பிறகு பொதுமக்கள். தலைவி கறார். நாய்களுக்குத் தனிப் பாதை கேட்ட ஒருவரை மணி அடித்த நொடியில், வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண் கண்கலங்கி மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதும் மணி அடித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. பின்வரிசையில் என் பக்கத்தில் ரெஜினா அக்கா. கடுகளவு குரலில் எனக்கு மொழிபெயர்க்க வந்தவர்.

சவிரி அண்ணை எழுந்தார். கோட்டுப் பித்தானைப் போட்டார். ஒலிவாங்கியைச் சுண்டிப் பார்த்தார்.

“இதென்ன, ‘மாண்புக்குரிய’ எண்டு துவங்குறார்? இது ஆர் எழுதினது?” என்றார் அக்கா என் காதில். நான் கூரையைப் பார்த்தேன்.

தலைவி முடிந்தார். உபதலைவர் முடிந்தார். வீட்டில் நாங்கள் ‘உறுப்பினர்களே’ என்று ஒரே சொல்லில் முடித்ததை, இங்கே ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப் பலகை இருந்ததால் அண்ணை ஒவ்வொன்றாக வாசித்து வணங்கினார். பெயர் கேட்டவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஒருவர் கைப்பேசியை மூடி வைத்தார். இயக்குநர், உதவி இயக்குநர், எழுத்தர். எழுத்தர் வெட்கப்பட்டு மணிக்கூட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள். ஒரு நிமிடம் போய்விட்டது.

இனிக் கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி மண்டபத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். மாதா திருநாள் அவருக்குள் ஏறிவிட்டது.

“விடியமுன் பாதையில பனி தள்ளுற கீ அவர்களே எண்டுறார்” அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். “தவளையளைக் காதால எண்ணுற லூசி அவர்களே. ஐயோ, அவ வரவே இல்லை. விதை நிரப்புற வாத்தியாரே. புகைக்கூடு துடைக்கிறவரே. பள்ளிக்கூட பஸ்ஸைத் திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸில வாற சாரதியே. இந்த மனிசன் என்ர அடுப்பை அணைக்கப்போகுது, கவிஞர்.”

அதன்பின் அக்கா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அண்ணையின் குரல் இறங்கியிருந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை. இஞ்ச கதைக்க ஏலாத ஒரு ஆளுக்கும் வணக்கம் சொல்லுறார்.”

மணி அடித்தது.

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நேரம் முடிந்தது ஐயா, உங்கள் கேள்வி என்ன என்று கேட்டார். சவிரி அண்ணை பேச்சுத் தாள் இருந்த சட்டைப்பையைத் தொட்டுக் காட்டி, இன்னும் தொடங்கவில்லை, இது வணக்கம் மட்டும்தான் என்றார். மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் சிரிக்காமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நேரம் நேரம்தான் என்று தலைவி அவரை உட்காரச் சொல்லிவிட்டார். அடுத்த எண்ணைக் கூப்பிட வாயெடுத்தவர், நிறுத்தி, இயக்குநர் பக்கம் திரும்பினார். அக்கா மறுபடி என் காதருகே வந்து மொழிபெயர்த்தார். இப்போது வணக்கம் சொல்லப்பட்ட ஆட்கள் உங்கள் திட்டத்தில் எந்த வரியில் இருக்கிறார்கள்? பருவகாலப் பணிகள் என்ற வரியில் என்றார் இயக்குநர். எல்லோருமேயா? அப்படித்தான் நினைக்கிறேன். எத்தனை பேர்? இயக்குநர் தாளைப் புரட்டினார். உதவி இயக்குநரும் புரட்டினார். அந்த நகரத்தின் முழு வெப்பமூட்டியும் ஓடும் சத்தம் கேட்டது. தலைவி எதையோ எழுதிக்கொண்டார்.

மற்றவர்களுக்கு அது ஒரு சாதாரண இடைவெளி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோப்போடு வாழ்ந்தவனுக்குத் தெரியும்: கோப்பில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால், பதில் வரும்வரை அதை யாரும் மூட முடியாது.

அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வெளியே வந்ததும் கணவரைப் பார்த்து, மூன்று நிமிடத்தில் முப்பது பேரைக் கும்பிட்டுவிட்டு என்னை மட்டும் கைவிட்டுவிட்டீரே என்றார். அண்ணைக்கு வேறு துக்கம், பேச்சு பேசப்படவில்லை. திரும்பும் மெற்றோவில் அதை முழுக்க எனக்குப் பேசிக் காட்டினார். இரண்டரை நிமிடம், சுத்தமாக. எதிரில் இருந்த ஒரு பெண்மணி கைதட்டினாள். விளிப்பை எழுதியது நான்தான் என்று அன்றிரவு ஒப்புக்கொண்டேன். அக்கா எனக்கு மட்டும் முட்டைப்பொரியல் வைக்காமல் விட்டார்.

செவ்வாய்க்கிழமை அக்கா வேலைக்குப் போய் வந்தார். மூலைக்குமூலை இருக்கும் தெப்பனேர் கடை ஒன்றில், பாலோடு ஹோட்டல் வேலை விளம்பரம் வந்த பத்திரிகையும் வாங்கி வந்தார். மேசைமேல் அது விரிந்து கிடந்தது. நான் கவிதை எழுதுவதுபோல் பாவனை செய்தேன். ஊருக்குள் விருந்தாளியாக வந்து ஒரு வீட்டின் பிழைப்பில் அடைமொழி சேர்த்துவிட்டுப் போகிறவன், வேறென்ன செய்வான்?

புதன்கிழமை மாலை, இருவரும் வேலைவிட்டு வந்த கையோடு, குழுவின் பரிந்துரை வந்தது. பருவகாலப் பணிகள் என்ற வரியில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று துறை எழுத்தில் தரவேண்டும். அதைக் குழு பார்க்கும்வரை இந்தப் பனிக்காலம் குடில் திறந்தே இருக்கும். அடுத்த பனிக்காலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கீ தொலைபேசியில் கத்தியது சமையலறைவரை கேட்டது. சற்று நேரத்தில் இயக்குநர் அலுவலகத்திலிருந்தும் அழைப்பு: அந்தப் பட்டியலை எழுதித் தர முடியுமா என்று அக்காவையே கேட்டார்கள். அவர்களில் வேறு யாருக்கும் அந்த ஆட்களைத் தெரியாதாம்.

நான் என் அனுபவத்தை அள்ளி வழங்கினேன். உடனே கொடுத்துவிடாதீர்கள் அக்கா. முதலில் ஒரு விளக்கம் கேளுங்கள். எந்தப் படிவத்தில் வேண்டும் என்று கேளுங்கள். படிவம் வந்ததும் பிரெஞ்சிலா ஆங்கிலத்திலா என்று கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு பதிலை மூன்று ஆட்சிக்காலம் வளர்த்திருக்கிறோம்.

“நான் இண்டைக்கே எழுதிக் குடுப்பன்” என்றார் அக்கா. “ஒளிக்கிறதுக்கு எங்களிட்ட என்ன இருக்கு? இது உங்கட கந்தோர் இல்லை, கவிஞர்.”

ஹோட்டல் விளம்பரத்தின் ஓரத்தில், வெள்ளையாக இருந்த இடத்திலேயே, எழுதத் தொடங்கினார். கீ. லூசி. விதை வாத்தியார். தன் பெயரில் வந்து நின்று, என்ன எழுதுவது என்று கணவரைப் பார்த்தார். அண்ணை ‘மாண்புக்குரிய’ என்றார். பேனா மூடி அவர் நெற்றியில் பட்டது.

வியாழக்கிழமை என் விமானம். குடில் விமான நிலையத்துக்கு அப்பாலே இருந்தாலும், சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்று அடம்பிடித்தேன். அண்ணை காரை ஓடவிட்டபடியே வெளியில் காத்திருந்தார். உள்ளே ஒரு வகுப்புப் பிள்ளைகள். கையுறைகள் அடுப்பைச் சுற்றிக் காய்ந்தன, நாற்பது சிறு கைகள் கூட்டத்துக்கு வந்ததுபோல். ரெஜினா அக்கா ஒரு பிள்ளையின் சப்பாத்து நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், எழுந்துவரவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே தலையசைத்தார்.

வாசலில் நின்று விடைபெற நான் ஒரு நல்ல வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். இந்த நிலத்தைப் பற்றி, தூங்கும் தவளைகளைப் பற்றி, அவரைப் பற்றி. அடுத்த பனிக்கும் இந்த அடுப்பு எரியவேண்டும் என்று முடியும்படி. மாண்புக்குரிய ரெஜினா அக்கா அவர்களே என்று தொடங்கினேன்.

“கதவை வடிவாச் சாத்திப்போட்டுப் போங்கோ, கவிஞர்” என்றார் அக்கா. “சூடு வெளியால போகுது.”